மாவுப் பனியும் களிப் பனியும்

2024 ஜனவரியில் நாங்கள் ஆறு பேர் கிருஷ்ணகிரியிலிருந்து கிளம்பிக் குல்மார்க் போனோம், பனி பார்க்க. யோசனை அம்மாவுடையது. "கண்ணை மூடறதுக்குள்ள ஒரு தடவை பனியில கால் வெச்சிடணும்டா" என்று பத்து வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். டிசம்பரிலேயே பெங்களூர் போய்க் குரங்குக் குல்லாய், கையுறை, உள்ளே போடுகிற தெர்மல் எல்லாம் வாங்கியாகிவிட்டது. டூர் ஏற்பாடு செய்தவர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய படங்களில் எங்கு பார்த்தாலும் வெள்ளை. போய் இறங்கினால் எங்கு பார்த்தாலும் பழுப்பு. காய்ந்த புல், குதிரைச் சாணம், தூசி. தூரத்துச் சிகரங்களில் மட்டும் விபூதி பூசின மாதிரி கொஞ்சம் வெள்ளை தெரிந்தது.

கீழே டங்மார்க்கிலேயே கோட்டையும் கம்பூட்டையும் வாடகைக்குத் தலையில் கட்டிவிட்டார்கள். சேற்றில் இறங்கப் போடுகிற அந்த ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு அம்மா காய்ந்த புல்லில் தொப் தொப்பென்று நடந்தார். கொஞ்ச தூரம் போனதும் நின்று திரும்பினார். "இதைப் பார்க்கவாடா மூணு நாள் பயணம்? நம்ம கரட்டுல ஆடு மேய்க்கிற எடம் இதைவிடப் பச்சையா இருக்குமே." அந்த வீடியோ இன்னும் என் போனில் இருக்கிறது.

அந்த டிசம்பரும் ஜனவரியும் காஷ்மீர் முழுக்கவே வறண்டு கிடந்தது. டிசம்பர் 21இல் தொடங்கும் நாற்பது நாளை அங்கே சில்லாய் கலான் என்பார்கள். நம்மூர்க் கத்திரி வெயிலுக்கு நேர் எதிர், குளிரின் உச்சம். அந்த நாற்பது நாளின் நடுவில்தான் நாங்கள் புல்தரையில் நின்றுகொண்டிருந்தோம். அங்கே குளிர்காலத்தில் பனி கொட்டுவது, மத்தியதரைக் கடல் பக்கமிருந்து ஈரத்தைச் சுமந்துகொண்டு வருகிற, மேற்கத்திய இடையூறுகள் என்கிற காற்றுச் சுழற்சிகளால். அந்த முறை அவை வலுவாக வந்து சேரவில்லை. நாங்கள் ஊர் திரும்பிய பிறகு, மாதக் கடைசியில்தான் கொட்டியது. நம் ராசி அப்படி. ஆனால் அடுத்த வருடமும் கதை அதேதான். 2025 பிப்ரவரியில் குல்மார்க்கில் நடக்கவேண்டிய கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகளைப் பனி போதவில்லை என்று தள்ளிவைத்தார்கள்.

ஊருக்கு வந்ததும் சித்தப்பாவிடம் புலம்பினேன். அவர் க்ரெஃப்பில் டோசர் ஆபரேட்டராக இருந்தவர். எல்லைச் சாலைகளைப் போடுகிற, காக்கிற பிஆர்ஓவின் ஆட்படைதான் க்ரெஃப். ஸ்ரீநகரிலிருந்து லடாக் போகும் வழியில், சுமார் 11,500 அடி உயரத்தில் சோஜி லா கணவாய் இருக்கிறது. அதன் சோனாமார்க் பக்கத்தில் பல வருடம் பனி தள்ளியிருக்கிறார். இப்போது காவேரிப்பட்டணத்துக்குப் பக்கத்தில் இரண்டு ஏக்கர் மாந்தோப்பு, பெரும்பாலும் பெங்களூரா ரக மரங்கள். நான் போனபோது காலை ஏழு மணி. மூடுபனி இன்னும் கலையவில்லை; பூ எடுத்திருந்த கொத்துகளில் ஈரம் கோத்திருந்தது. சித்தப்பா ஒரு கொத்தை வளைத்துத் தத்துப்பூச்சி இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"பனியைத் தேடி அங்க போனீங்க, அது இங்க இருக்குது" என்றார்.

தமிழில் இதுதான் சிக்கல். புல்நுனியில் நிற்கிற துளியும் பனி, சாலையை மறைக்கிற புகைமூட்டமும் பனி, ஊட்டியில் கேரட் செடியைக் கருக்குவதும் பனி, இமயமலையில் ஆளை மூடுகிற அளவுக்குக் கொட்டுவதும் பனி. நம் மண்ணில் கொட்டாத ஒன்றுக்கு நாம் தனிப்பெயர் வைக்கவில்லை, அவ்வளவுதான். தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்கிற பழமொழியில் துளைப்பதும் வானத்திலிருந்து கொட்டுகிற வெள்ளை அல்ல. பாடநூலில் வெண்பனி என்று எழுதுகிறார்கள். சித்தப்பாவிடம் அதைவிட நல்ல சொற்கள் இருந்தன. டோசரில் உட்கார்ந்தவருக்குப் பனி இரண்டே வகையாம்: மாவு, களி.

கடுங்குளிரில் விழுவது மாவு. கேழ்வரகு மாவு மாதிரி உதிரும், பிடித்தால் கையில் நிற்காது, ஊதினால் பறக்கும். பிளேடு பட்டதும் ஓரமாக ஒதுங்கிவிடும். ஒரு அண்டா மாவுப் பனியை அடுப்பில் வைத்தால் ஒரு சொம்புத் தண்ணீர்தான் கிடைக்கும். பூஜ்யம் டிகிரிக்குப் பக்கத்தில் விழுவது களி. ஈரம், கனம், பிசின். பிளேடில் அப்பிக்கொள்ளும். களி விழுகிற நாளில் வேலை இரண்டு மடங்கு, டீசலும் இரண்டு மடங்கு.

"மார்கழி, தையில மாவு. மாசி பாதியில களி. இதுதான் கணக்கு. நான் ரிட்டயர் ஆகற சமயத்துல தையிலேயே சில நாள் களி வந்துடும். களிக்கு அடுத்தது என்ன தெரியுமா? மழை. பனி மேல மழை பெய்ஞ்சா, அன்னிக்கு நாங்க வண்டியே எடுக்க மாட்டோம். சரிவு எப்ப வரும்னு சொல்ல முடியாது."

ஒருவருடைய ஞாபகத்தை வைத்துப் பருவநிலைக்குத் தீர்ப்பு எழுத முடியாது. ஆனால் மாவு, களி, மழை என்கிற இந்த வரிசை, நான் அப்புறம் தேடிப் படித்ததற்கெல்லாம் திறவுகோலாக இருந்தது.

பூமி சூடானால் பனி குறையும் என்று நாம் ஒரே வரியில் முடித்துவிடுகிறோம். அது அவ்வளவு நேர்க்கோடு இல்லை. எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் மாமா ஒருவர் வருடம் தவறாமல் அமெரிக்கப் பனிப்புயல் படத்தைப் போட்டு "எங்கே போச்சு உங்க வெப்பமயமாதல்?" என்று கேட்பார். கேள்வி தப்பில்லை. காற்று ஒரு டிகிரி சூடானால் ஏறக்குறைய 7 சதவீதம் கூடுதலாக நீராவியைத் தாங்கும். கூடுதல் ஈரம் வந்து, அந்த இடம் இன்னும் உறைநிலைக்குக் கீழேயே இருந்தால், பனி கூடத்தான் செய்யும். மைனஸ் 25 டிகிரி குளிருகிற சைபீரியக் காட்டுக்கு இரண்டு டிகிரி ஏறினால் என்ன? மைனஸ் 23. மாவு மாவாகத்தான் இருக்கும்.

இதைப் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் வைத்துப் பார்த்தால் சட்டென்று புரிகிறது. பாஸ் மார்க் 35. எண்பது வாங்குகிற பையனுக்கு ஐந்து மார்க் குறைந்தால் வீட்டில் முனகுவார்கள், அவ்வளவுதான். முப்பத்தெட்டு வாங்குகிற பையனுக்கு அதே ஐந்து குறைந்தால் ஃபெயில். பனியிலும் பார்டர் பாஸ் இடங்கள் உண்டு. நாங்கள் குல்மார்க்கில் நின்ற அதே ஜனவரி மாதம், அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியைச் சேர்ந்த அலெக்சாண்டர் காட்லீப், ஜஸ்டின் மான்கின் இருவரும் நேச்சர் இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். 1981 முதல் 2020 வரை வட அரைக்கோளத்து ஆற்றுப் படுகைகளில் மார்ச் மாதம் எவ்வளவு பனி தேங்கியிருந்தது என்று பார்த்த ஆய்வு. அவர்கள் கண்ட பார்டர், மைனஸ் 8 டிகிரி. குளிர்காலச் சராசரி அதற்குக் கீழே இருக்கும் இடங்களில் வெப்பம் ஏறினாலும் பனி பெரிதாக அசைவதில்லை. அதற்கு மேலே வந்துவிட்டால், ஏறுகிற ஒவ்வொரு டிகிரியும் முந்தைய டிகிரியைவிட அதிகமாகப் பறிக்கிறது. வட அரைக்கோளத்துப் பனியில் பெரும்பகுதி கிடப்பது மைனஸ் 8க்குக் கீழே, ஆள் நடமாட்டம் குறைந்த வடக்கில். பனித்தண்ணீரை நம்பி மக்கள் நெருக்கமாக வாழும் இடங்களில் பல அந்தக் கோட்டுக்கு மேலே. குல்மார்க்கும் மேலேதான்.

அதற்காக 2024 ஜனவரியை இந்தக் கணக்கில் நேராக எழுதிவிடக் கூடாது. அன்று குறைந்தது முதலில் ஈரம், அப்புறம்தான் குளிர். வானமே கொடுக்காவிட்டால் பனியாகவும் வராது, மழையாகவும் வராது. வெப்பத்தின் வேலை வேறு விதம். கொடுத்ததையே கைமாற்றி, மாவாக வரவேண்டியதைக் களியாகவும் களியாக வரவேண்டியதை மழையாகவும் அது ஆக்குகிறது. விழுந்து கிடப்பதைச் சீக்கிரமே கரைக்கிறது. மழைமானிக் கணக்கில் வருட மொத்தம் அப்படியே இருக்கலாம். மலைமேல் மட்டும் மிச்சமிருக்காது.

நான் வேலை பார்ப்பது கிரானைட் ஃபேக்டரியில், கணக்குப் பிரிவு. ஏப்ரல் மாத மதியத்தில் யார்டில் அடுக்கியிருக்கும் பிளாக் கிரானைட் ஸ்லாப்பைத் தொட்டவருக்கு, பனியைப் பற்றிய அடுத்த பாடத்தைப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. எங்கள் வீட்டு வாசற்படியும் அதே கறுப்புக் கல்தான் (விலை குறைத்துக் கிடைத்தது, என் மனைவி இன்றுவரை மன்னிக்கவில்லை). பகல் பன்னிரண்டு மணிக்கு வெறுங்காலோடு அதில் நின்றால் தானாகவே ஆட வேண்டியதுதான். அதே நேரத்தில் மொட்டைமாடிக்குப் போய், போன வருடம் சுண்ணாம்பு அடித்த பகுதியில் நிற்கலாம். கண் கூசும், கால் சுடாது. ஒரே வெயில், ஒரே வீடு. புதுப் பனி, விழுகிற வெயிலில் 80, 90 சதவீதத்தைத் திருப்பி அனுப்பிவிடும். ஈரமும் அழுக்கும் ஏறிய பழைய பனி ஏறக்குறைய பாதியைத்தான் அனுப்பும். வெறும் மண் பெரும்பகுதியைக் குடித்துவிடும்.

சுண்ணாம்பு உருகாது, பனி உருகும், வினை அங்கேதான். ஓரத்தில் கொஞ்சம் பனி விலகினால் கறுப்பு மண் தெரியும். அந்த மண் சூடாகி, பக்கத்துப் பனியை உருக்கும். இன்னும் கொஞ்சம் மண் தெரியும். வாகனப் புகையின் கரியும் பாலைவனத் தூசியும் மேலே படிந்தால் இது இன்னும் வேகமாகும். டோசர் ஒதுக்கிய பனிச் சுவரில் டீசல் கரி படிந்த பக்கம்தான் முதலில் இளகும் என்று சித்தப்பா சொல்வார். யாரும் அதை அவருக்குப் பாடமாக எடுக்கவில்லை.

இந்த வினை வெயில் வலுக்கும் மாதங்களில்தான் பலிக்கும். டிசம்பரில் வடக்கே வெயிலே இல்லாதபோது வெள்ளையென்ன, கறுப்பென்ன? வட அரைக்கோளத்துப் பனிப்பரப்பைச் செயற்கைக்கோள்கள் 1960களின் நடுப்பகுதியிலிருந்து படம் பிடிக்கின்றன. ஜனவரியில் சுமார் 4.6 கோடி சதுர கிலோமீட்டர், அதாவது இந்தியாவைப் போலப் பதினான்கு மடங்கு, வெள்ளையாகிறது. நடுக்குளிர்காலப் பரப்பு இத்தனை வருடத்தில் பெரிதாகச் சுருங்கவில்லை. மாமாவின் படங்கள் எல்லாம் அந்த மாதங்களில் எடுத்தவை. ஜூனைப் பார்த்தால்தான் தூக்கிவாரிப்போடும். ஆர்க்டிக் நிலப்பரப்பில் ஜூன் மாதப் பனி 1967 முதல் 2018 வரை பத்தாண்டுக்கு 13 சதவீதம் வீதம் குறைந்து, மொத்தத்தில் 25 லட்சம் சதுர கிலோமீட்டர் போய்விட்டது என்று ஐநாவின் பருவநிலை அறிவியல் குழுவான ஐபிசிசியின் 2019 அறிக்கை சொல்கிறது. 2021 அறிக்கையின் கணிப்பு, உலகம் ஒரு டிகிரி சூடேறினால் வட அரைக்கோளத்தின் வசந்தகாலப் பனிப்பரப்பு ஏறக்குறைய 8 சதவீதம் சுருங்கும் என்பது.

பனி போய்விடுகிறது என்பதைவிட, சீக்கிரம் போய்விடுகிறது என்பதுதான் சரியான பேச்சு. "சீக்கிரம்" எவ்வளவு பொல்லாத சொல் என்று ஏரிப் பாசனம் தெரிந்த ஊர்க்காரனுக்குச் சொல்லத் தேவையில்லை.

எனக்குப் பனிமலை இப்போது ஒரு ஏரியாகத்தான் தெரிகிறது. கரை இல்லை, கலங்கல் இல்லை, குடிமராமத்துக்கு ஆள் சேர்க்கவும் வேண்டாம். குளிர்காலத்தில் தானாக நிரம்பும், கோடையில் தானாகத் திறக்கும். மடை திறப்பது வெயில். பயிருக்குத் தண்ணீர் வேண்டிய நேரமும் அதுதான். இப்படி ஒரு ஏரியை எந்தப் பொதுப்பணித்துறையும் கட்ட முடியாது. அந்த மடை ஒரு மாதம் முன்னாலேயே திறந்துகொண்டால்? ஏரியில் தண்ணீர் குறைவில்லை என்று கணக்குப் புத்தகம் சொல்லும். நாற்று விடும்போது வாய்க்காலில் தண்ணீர் இருக்காது. பனியாறு என்று சொல்கிற கிளேசியர் வேறு சங்கதி. அது நம்ம ஊர் ஆயிரம் அடி போர் மாதிரி, பழைய காலத்துச் சேமிப்பு. ஏரி ஏமாற்றினால் போரை நம்பலாம், அதுவும் இறங்கும்வரை.

இந்த ஏரியின் கொள்ளளவை அளக்க நல்ல வழி கண்டுபிடித்தவர் ஒரு லத்தீன், கிரேக்க வாத்தியார் என்பது எனக்குப் பிடித்த செய்தி. ஜேம்ஸ் சர்ச், நெவாடா பல்கலைக்கழகம். 1900களின் தொடக்கத்தில் மவுண்ட் ரோஸ் மலையில் நீளக் குழாயைப் பனியில் தரைவரை இறக்கி, உள்ளே சிக்கிய பனியை எடைபோட்டார். ஆழம் எவ்வளவு என்பது அவருக்கு இரண்டாம்பட்சம். உருகினால் எத்தனை அங்குலத் தண்ணீர் என்பதுதான் கேள்வி. மாவா களியா என்று சித்தப்பா கேட்கிறாரே, அதே கேள்வி. அந்த வழியில் தொடர்ந்து எடுத்த அளவுகளை வைத்துத்தான், அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் ஏப்ரல் முதல் தேதிப் பனித்தண்ணீர் இருபதாம் நூற்றாண்டின் நடுவிலிருந்து 15 முதல் 30 சதவீதம் குறைந்திருக்கிறது என்று பிலிப் மோட் குழுவினர் 2018இல் கணக்கிட்டார்கள்.

நம் இமயத்தில் காத்மாண்டுவிலிருக்கும் இசிமோட் என்கிற மலைப்பகுதி ஆய்வு அமைப்பு ஒவ்வொரு வருடமும் நவம்பர் முதல் மார்ச் வரை பனி எத்தனை நாள் தரையில் தங்குகிறது என்று பார்க்கிறது. 2025இல் அது வழக்கத்தைவிட 23.6 சதவீதம் குறைவு, 23 வருடத்தில் மிகக் குறைந்த அளவு. அங்கே பிறக்கும் பெரிய ஆறுகளின் வருடாந்தர ஓட்டத்தில் சராசரியாக நான்கில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாகப் பனி உருகிய தண்ணீர் இருக்கிறது. கங்கைக்குப் பருவமழை கைகொடுக்கும். சிந்துவுக்கு அந்த வசதி குறைவு. லடாக்கில் விதைப்பு நேரத்தில் தண்ணீர் இல்லாத குறையைத் தீர்க்க, பொறியாளர் செவாங் நோர்பெல் குளிர்கால ஓடையைத் தடுத்துச் செயற்கைப் பனித்தேக்கங்கள் அமைத்தார். சோனம் வாங்சுக் அதையே கூம்பாக நிறுத்தி ஐஸ் ஸ்தூபி ஆக்கினார். கூம்பு வடிவத்தில் வெயில் படும் பரப்பு குறைவு, மெதுவாகக் கரையும். தானாகத் திறந்துகொள்ளும் மடைக்குக் கையால் பூட்டுப் போடும் முயற்சி என்று இதைச் சொல்லலாம்.

சரி, தென்பெண்ணை பிறப்பது நந்தி மலையில், காவிரி பிறப்பது குடகில். ஒகேனக்கல்லில் விழுகிற தண்ணீரில் ஒரு சொட்டுகூடப் பனி இல்லை. நமக்கென்ன என்று கேட்டால், பதில் தாது வருஷத்திலிருந்து தொடங்குகிறது.

1876 முதல் 78 வரையிலான பஞ்சம். தர்மபுரியும் கிருஷ்ணகிரியும் அப்போது சேலம் ஜில்லாவில் இருந்தன. அந்த ஜில்லா வாங்கிய அடி சாதாரணமானதல்ல. எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் எதையாவது அவசரமாகத் தின்னும் பிள்ளையை இன்றும் "தாது வருஷத்துல பொறந்தவனா நீ?" என்பார்கள். 1875இல்தான் இந்திய வானிலைத் துறை தொடங்கி, ஹென்றி பிளான்ஃபோர்டு அதன் பொறுப்புக்கு வந்திருந்தார். அடுத்த பஞ்சத்தையாவது முன்கூட்டிச் சொல்ல முடியுமா என்று அரசாங்கம் கேட்டது. இமயமலையில் வசந்தத்தில் பனி அதிகம் கிடந்தால் அந்த வருடம் பருவமழை தளரும் என்று 1884இல் பிளான்ஃபோர்டு எழுதினார். காரணம் மொட்டைமாடிச் சுண்ணாம்புதான்: வெயில் பாதி திரும்பிப் போகும், மீதி பனியை உருக்குவதிலும் ஈர மண்ணை உலர்த்துவதிலும் செலவாகும். நிலம் சூடாகத் தாமதித்தால் கடல்காற்றை இழுக்கும் பலம் குறையும். இதை வைத்துத்தான் 1886 ஜூன் 4 அன்று துறையின் முதல் நீண்டகால முன்னறிவிப்பு வந்தது. 1976இல் ஹான், சுக்லா இருவரும் செயற்கைக்கோள் படங்களை வைத்து யுரேசியப் பனிக்கும் நம் மழைக்கும் அதே எதிர்த்தொடர்பைக் காட்டினார்கள்.

அப்படியானால் பனி குறைவது நமக்கு நல்லதுதானே என்று சித்தப்பா கேட்டார். நானும் ஒரு நிமிடம் அப்படித்தான் நினைத்தேன். பிற்கால ஆய்வுகளில் அந்தத் தொடர்பு வரவர வலுவிழந்து தெரிகிறது. பனி ஒரு கயிற்றை இழுத்தால் பசிபிக் கடல் வேறு கயிற்றை இழுக்கிறது, சூடான கடல் இன்னொன்றை. பிளான்ஃபோர்டின் கணக்கு, அவர் பார்த்த உலகத்துக்கான கணக்கு.

சோஜி லாவைப் பற்றியும் அவருக்கு ஒரு செய்தி வைத்திருந்தேன். முன்பு குளிர்காலத்தில் ஐந்து மாதம்கூட மூடிக்கிடந்த கணவாய், 2023இல் 68 நாளில் திறந்துவிட்டது. வெப்பமயமாதலுக்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா என்றேன். சித்தப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏண்டா, இப்ப இருக்கிற ஸ்னோ கட்டர் எங்க காலத்துல ஏது? ராத்திரி பகலா ஆளுங்க தள்ளறாங்க. அதைப் போய் வெயில் கணக்குல எழுதறியா?" அவர் சொன்னது சரி. சாலை திறந்த நாள் பனியின் அளவு இல்லை. வெட்டிவிடலாமா என்று யோசித்து, என் அசட்டுத்தனத்துக்குச் சாட்சியாக அந்தப் பேச்சை இங்கே விட்டுவைத்திருக்கிறேன்.

போன வாரம் சித்தப்பா வீட்டுக்கு வந்திருந்தார். எங்கள் பழைய ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜில் மேல் பெட்டி அடைத்துக்கொண்டு கதவு மூடவில்லை. அம்மா சுவிட்சை அணைத்துவிட்டு, தோசைத் திருப்பியால் சுரண்டி எடுத்த வெள்ளையை ஒரு கிண்ணத்தில் போட்டுக் கூடத்துக்குக் கொண்டுவந்தார். "அங்க காட்டாததை இங்கயாவது பார்க்கலாம்" என்று சித்தப்பாவிடம் நீட்டினார். சித்தப்பா ஒரு சிட்டிகை எடுத்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்தார். ஊதிப் பார்த்தார். பறக்கவில்லை.

"களி, அண்ணி" என்றார், விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டே.